பேர் சொல்லி ஜெபித்தது

ஜூன் 8, செவ்வாய்

காலையிலிருந்து மழை. ஐந்து பேர் துணியும் ஒரே கொடியில், ஒன்றும் காயவில்லை. சமையல் முறை எனக்கு. கப்பைக் கிழங்கு சரியாக வேகவில்லை. "கொள்ளாம்" என்று மலையாளத்தில் பாராட்டிக்கொண்டே ஜான்சன் அண்ணன் தின்றார். இந்த வீட்டுக்கு மூத்தவர் அவர். பொய்யிலும் மூத்தவர்.

ரயில் லைனுக்குப் பின்னால் இந்தக் காலனியில் நாங்கள் சேர்ந்து குடியிருக்க வந்து மூன்று வருடம். மக்களோடு மக்களாக வாழ்ந்து ஊழியம் செய்யப் போகிறோம் என்று சபையில் சொல்லிவிட்டு வந்தோம். இப்போது குழாயடி வரிசையில் எங்களையும் விடுகிறார்கள். அவ்வளவு முன்னேற்றம்.

மத்தியானம் செல்வி வந்தாள். சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். புருஷன் டெலிபோன் கேபிளுக்குக் குழி வெட்டுகிறவர், இவள் சித்தாள். மகள் மாரி பத்தாம் வகுப்பு, சாயங்காலம் எங்கள் வீட்டில்தான் படிப்பு. செல்வி கதவை அவளே சாத்தினாள்.

"யக்கா, மாரிய எங்க வீட்டுக்காரவுக அக்கா மவனுக்குப் பேசி முடிச்சிட்டாவ. ஆவணில கல்யாணமாம். பதினஞ்சு வயசுதான் ஆவுது. பரீட்ச முடியுற வரைக்கும் இங்க வச்சிக்கிடுங்க. சனிக்கெழம கூட்டியாரேன். அவுகளுக்குத் தெரியக் கூடாது."

சரி என்றேன். யாரையும் கேட்கவில்லை. இந்த வீட்டில் எதையும் ஐந்து பேரும் கூடித்தான் முடிவு செய்ய வேண்டும், துணி சோப்பு உட்பட.

ஜூன் 10, வியாழன்

முன்னறையில் காலனி ஜெபக் கூட்டம். பதினான்கு பேர். வாசலெல்லாம் செருப்பும் சேறும்.

எங்கள் வழக்கம், மனதிலுள்ள பாரத்தை உரியவர் பேர் சொல்லி ஜெபிப்பது. கண்ணை மூடிக்கொண்டு, சத்தமாக. பாறசாலைச் சபையில் சின்ன வயதிலிருந்தே அப்படி. என் முறை வந்தது, வாய் தானாகப் போயிற்று. "ஆண்டவரே, செல்வியின் கண்ணீரைப் பாரும். மாரியின் கல்யாணத்தைத் தடுத்தருளும். சனிக்கிழமை பிள்ளையைப் பத்திரமாக எங்களிடம் கொண்டுவந்து சேர்த்தருளும்."

எல்லோரும் ஆமென். கண்ணைத் திறந்தால் வாசலோரம் இசக்கியம்மா. செல்வியின் நாத்தனார், மாப்பிள்ளையின் அம்மா. இதே காலனிதான், ஆனால் ஒருநாளும் கூட்டத்துக்கு வராதவள். மழைக்கு ஒதுங்கி இருக்கிறாள். செல்வி தலையைத் தூக்கவே இல்லை.

"சாரமில்ல மோளே" என்றார் லீலா சேச்சி, ஜான்சன் அண்ணன் மனைவி. எது பரவாயில்லை?

ஜூன் 11, வெள்ளி

மழை விட்டது. மாரியை அவள் அப்பா விடிந்ததும் ஊருக்குக் கூட்டிப் போய்விட்டார். ஆவணி வரை காத்திருக்கவில்லை, கல்யாணம் வருகிற இருபதாம் தேதி. குழாயடியில் சொன்னார்கள். "நேத்து நல்லா ஜெபிச்சீங்க" என்றாள் ஒருத்தி. குத்தலா, நிஜமாகவா, தெரியவில்லை.

இன்றைக்கு:
மண்ணெண்ணெய்
ஸ்டவ் திரி
செல்வியைப் பார்க்க
பார்த்து என்ன சொல்ல?

முதல் இரண்டும் ஆயிற்று. செல்வி வீடு பூட்டிக் கிடந்தது.

சாயங்காலம் வீட்டுக் கூட்டம். போலீஸுக்குப் போவோம் என்றேன். "ஸ்டேஷனுக்குப் போனா பின்னே ஒரு வீட்டுலயும் நம்மள உள்ள கேத்த மாட்டாங்க, கேட்டோ" என்றார் ஜான்சன் அண்ணன். "ஜெபிச்சுக் காத்திருப்போம்."

"மறுபடியுமா?" என்றேன். அவர் சொன்னதில் பாதி சரிதான். எந்தப் பாதி?

நேற்று ஆண்டவரிடம்தான் சொன்னேனா, பதினான்கு பேரிடமா? செல்வி என்னை நம்பி வந்தாள் என்று கொஞ்சம் பெருமையாக இருந்தது. அதையும் எழுதி வைக்கிறேன். என் ஜெபத்தைக் கேட்டது இசக்கியம்மா மட்டும்தான் என்று தோன்றுகிறது. இப்படி எழுதலாமா? எழுதியாயிற்று.

ஜூன் 12, சனி

செல்வி வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன்.

"அதெல்லாம் பொறவு பாக்கலாம். நீங்க எங்கூட ஊருக்கு வரணும். நான் சொன்னா அங்க எடுபடாது. நீங்க படிச்சவுக, பேசினா எங்க மாமனார் கேட்டாலும் கேப்பாரு."

அண்ணன் உள்ளேயிருந்து, "இதுக்கு நம்ம எல்லாரும் கூடணுமே" என்றார்.

"நீங்க கூடுங்க அண்ணா. நான் போயிட்டு வந்துருதேன்" என்றேன்.

அவர் முகம் சுருங்கிவிட்டது. பாவம். லீலா சேச்சி தன் குடையை எடுத்து என் பையில் வைத்தார்.

ஜூன் 13, ஞாயிறு. தம்பானூர் பஸ் ஸ்டாண்ட்

திருநெல்வேலி பஸ். இன்னும் எடுக்கவில்லை. ஜன்னல் ஷட்டர் இறங்க மாட்டேன் என்கிறது, மடியெல்லாம் சாரல். ஆராதனை ஆரம்பித்திருக்கும்.

பேச வேண்டியது: வயது. பரீட்சை. நன்றாகப் படிக்கிற பிள்ளை. சட்டம் (அடித்தேன். மறுபடி எழுதினேன்). அந்தக் கிழவர் யார் எவர் என்றே தெரியாது. நீ யார் கேட்க என்பார். நான் யார்தான்?

பயம். பழக்கதோஷத்தில் கண்ணை மூடிவிட்டேன் போல. செல்வி முழங்கையால் இடித்தாள்.

"யக்கா, அங்க வந்து ஜெபம் மட்டும் பண்ணிராதீய."