வெளிக்குடிசையிலிருந்து

நெல்லிவாசல்
12-11-1979

அன்புள்ள அத்தானுக்கு,

இவ்வளவு ராத்திரியில் எழுதுவதற்கு மன்னியுங்கள். பகலில் எழுத உட்கார்ந்தால் அழுகை வந்துவிடுகிறது. நீங்களும் அத்தையும் சுகந்தானே? அத்தையின் முழங்கால் வலி தேவலையா?

எனக்கு இந்த மாதமும் உதிரப்போக்கு நிற்கவில்லை. பள்ளிக்கூடம் போய் வந்ததும், இந்த ஊர் வழக்கப்படி வெளிக்குடிசையில்தான் இருக்கிறேன். வீட்டுக்கார மாதம்மாள் சோறு கொண்டுவந்து வைத்துவிட்டு, "எங்க பொண்ணுங்க அஞ்சு நாள்ல வூட்டுக்கு வந்துடுவாங்க. டீச்சரம்மா இன்னா, இங்கியே குடித்தனம் வெச்சிட்டீங்களா?" என்று சிரித்தாள். நானும் சிரித்துவைத்தேன்.

போன வாரம் வகுப்பில் லேசாக மயக்கம் வந்தது. பயப்படாதீர்கள், ஜீப்பில் ஆலங்காயம் போய் டாக்டரம்மாவைப் பார்த்துவிட்டேன். ரத்தம் குறைந்துவிட்டதாம். இரும்புச்சத்து மாத்திரையோடு, போக்கைக் குறைக்க மூன்று மாதம் ஹார்மோன் மாத்திரை கொடுத்திருக்கிறார். அதற்கும் கேட்காவிட்டால் கர்ப்பப்பையைச் சுரண்டிப் பார்க்க வேண்டுமாம். "எடுத்தே விடுங்கள் டாக்டர்" என்றேன். "இருபத்தாறு வயசுல இதென்ன பேச்சு? அது எல்லாத்துக்கும் கடைசி" என்று அதட்டினார்.

நம் வடிவு மாதம்மாளிடம்தான் தூங்குகிறாள். நேற்று கை நீட்டிக் கூப்பிட்டேன். "தீட்டும்மா, தொடக் கூடாது" என்று தள்ளியே நின்றாள். மூன்று வயதுக் குழந்தை. மாத்திரை சாப்பிடுகிறேன், ஆனால் நம்பிக்கைதான் வரவில்லை.

துணி போதவில்லை. அத்தையின் பழைய நூல் சேலை இரண்டு அனுப்புங்கள். சுரண்டுவதென்றால் உங்கள் கையெழுத்து வேண்டுமாம். விளக்கில் எண்ணெய் தீர்கிறது. வருவீர்களா, மாட்டீர்களா என்று மட்டுமாவது எழுதுங்கள். சீக்கிரம் பதில் போடுங்கள்.

உங்கள்
சகுந்தலா