கஞ்சாச் செடி மஞ்சளித்தது பற்றிக் கருங்காவூருக்கு விடுத்த ஓலை

திரு நிலைபெறுக. மழை பருவம் தவறாது பொழிக. வெண்கோட்டு நாட்டைத் தம் குடைநிழலில் வைத்துக் காக்கும் கோமகனார் அரிகண்ட வர்மரின் திருவாய்மொழி கேட்டு, திருமந்திர ஓலைநாயகம் காரிநம்பி எழுதுவிக்கும் ஓலை. எல்லைப்புறத்துக் கருங்காவூர்க் கோட்டத்தின் காவல் அதிபர், பகைவர் கண்டஞ்சும் வாளுடையார், விழுப்பரையர் நாகன் சேந்தனார் கண்டு தெளிக. உமது கோட்டையும் குடிகளும் ஆநிரையும் நலமே வாழ்க. உமது உறக்கமும் நலமாகுக. சில காலமாக அது நலமாக இல்லை என்று கேள்விப்படுகிறோம்.

நீர் முன்னர் விடுத்த ஓலை வந்து சேர்ந்தது. உமது காவலில் உள்ள அரண்மனை மருந்துத் தோட்டத்தில் பூத்து நிற்கும் கஞ்சாச் செடிகள் இலை மஞ்சளித்து வாடுகின்றன என்றும், அது நஞ்சின் வேலையே என்றும், தோட்டத்து மருத்துவச்சி ஆதிச்சி பொழுது புலருமுன் பாத்திகளின் நடுவே கையும் களவுமாகப் பிடிபட்டாள் என்றும், அவள் பகைநாடாகிய செவ்வேலியில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டவள் ஆதலால் வேறு சான்று வேண்டுவதில்லை என்றும், அவளைக் கழுவேற்ற இசைவு தருக என்றும் எழுதியிருந்தீர். அந்தப் பூவைக் கொண்டு கிண்டும் இலேகியம் ஒன்றே, கோமகனாரின் தந்தையாராகிய பெரிய உடையாருக்குப் பழைய வேற்காயத்தின் வலியைத் தணித்து, நாலு கவளம் உண்ணவும் கண்ணயரவும் வைப்பது. ஆகவே கோமகனாருக்குச் சினம் மூண்டதில் வியப்பில்லை. இசைவு எழுத எழுத்தாணியைக் கையில் எடுத்தாயிற்று.

எனினும் இந்த அவையில் எவரையும் நம்பாத ஒருவர் உண்டு. தண்டநாயகர் மாறன் எயினனார் தம் வீட்டுச் சோற்றையே முகர்ந்து பார்த்து உண்பவர் என்பதை நீர் அறிவீர். அவர் ஆதிச்சியை நம்பவில்லை. உம்மையும் நம்பவில்லை. குற்றம் இத்தனை எளிதாகக் கையில் வந்து விழுந்தால் அதைத் தள்ளிவிட்டவர் யார் என்று பார்க்க வேண்டும் என அவர் விண்ணப்பிக்கவே, அரச மோதிரத்தை அவர் கையில் தந்து, உமக்குச் சொல்லாமல் அனுப்பிவைத்தோம். சென்ற மாதம் உமது தோட்டத்துக்கு எருப்பொதி கொண்டுவந்த தாடிக்கார வணிகர் அவரே. விலையில் நீர் அவரிடம் கறாராக இருந்தீராம்.

எயினனார் முதலில் பாத்திகளில் முன்பே இட்டிருந்த எருவை ஐயுற்றார். முகர்ந்தார், மக்கிய எருவாகவே இருந்தது. பிறகு கிணற்றை ஐயுற்றார். அதன் நீர் உப்புக் கரிக்கவில்லை. செடிகளைச் சுற்றிச் சுற்றி வந்ததில் ஒன்று அவர் கண்ணை உறுத்தியது. நஞ்சு புகுந்த செடி முழுவதும் ஒருசேர வாடியிருக்க வேண்டும். இங்கோ அடியிலைகள் ஒருவிதமாகவும் உச்சித் தளிர்கள் வேறுவிதமாகவும் வெளுத்திருந்தன. இதற்குப் பொருள் சொல்லக்கூடியவள் உமது சிறையில் கிடந்தாள். அவள் சொல்லை நம்புவதா என்பதே அவருக்குத் தலைவலி.

ஆகவே சிறைக்காவலருக்கு மோதிரம் காட்டி உள்ளே சென்று ஒரு பொறி வைத்தார். அண்டை ஊர் மருந்துப் பாத்திகளில், நோய் இன்னதென்று தாம் விசாரித்து அறிந்த செடிகளின் கிளைகள் இரண்டை ஒடித்து, உமது தோட்டத்துக் கிளையோடு கலந்து, மூன்றும் கருங்காவூர்க் கிளைகளே எனப் பொய்யுரைத்து ஆதிச்சியின் முன் வைத்தார். அவள் முதற்கிளையைப் பார்த்து, அடியிலை முழுதும் வெளுத்து உதிர்வது எருப் போதாமை என்றும், பூக்கும் பருவத்தில் அது சிறிதளவு நேர்வது இயல்பே, கீழிலை தன் சத்தைப் பூவுக்குக் கொடுத்துவிட்டு உதிர்கிறது என்றும் கூறினாள். இரண்டாவதன் இலையோரம் தீய்ந்திருப்பதைத் தடவி, இதற்குச் சாம்பற்சத்துக் குறைவு, ஒரு கை சாம்பல் இட்டால் தேறும் என்றாள். மூன்றாவதில் உச்சித் தளிர் மஞ்சளாகவும் நரம்பு மட்டும் பச்சையாகவும் இருந்தது. இதற்கு இரும்பின் சத்து எட்டவில்லை, மண்ணில் அது இருந்தும் மண் காரமேறிப் போனதால் வேருக்குக் கிட்டவில்லை என்று சொன்னவள், இது ஒன்றுதான் எங்கள் தோட்டத்துக் கிளை என்று கூறி, அதை மடியில் வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதாளாம்.

காரம் எங்கிருந்து வந்தது என்று எயினனார் வினவ, அவள் உம்மைச் சுட்டினாள். கள்வன் நடமாடுவதாக ஐயம் எழுந்தால் இரவில் சாம்பல் தூவி, காலையில் அடிச்சுவடு தேடுவது கருங்காவூர்க் காவலரின் பழைய வழக்கம். பூத்த செடியின் அடியிலை இயல்பாகப் பழுத்ததைக் கண்டு, நஞ்சென்று வெருண்டு, மாலைதோறும் பாத்திகளில் சாம்பல் தூவச் சொன்னவர் நீரே. விடிந்ததும் ஊற்றிய நீர் அச்சாம்பலின் காரம் அத்தனையையும் வேருக்கு இறக்கியது. தளிர் வெளுக்க வெளுக்க உமது ஐயம் வளர்ந்தது; ஐயம் வளர வளரச் சாம்பலும் கூடியது. வேண்டாம் என்று அவள் காவலரிடம் மன்றாடியபோது, சுவடு பதியக் கள்ளிக்கு மனம் வருமா என்று நகைத்தார்களாம். வேறு வழியின்றி, நீர் ஊற்றுமுன் துடைப்பத்தோடு சென்று சாம்பலைப் பெருக்கித் தள்ளினாள். சுவட்டை அழிக்கிறாள் என்று நீர் பிடித்தது அப்போதுதான்.

இதைக் கேட்டும் எயினனார் இளகவில்லை. செடியின் நோயை இத்தனை நுட்பமாக அறிந்தவள் அந்நோயை உண்டாக்கவும் அறிவாள் என்றே எண்ணினார். அதனால் அவளைச் சிறையிலேயே இருத்தி, மோதிரத்தைத் தோட்டக் காவலருக்கும் காட்டி வாயை மூடச் செய்து, பாதிப் பாத்திகளில் மேல்மண்ணைச் சுரண்டி எறிந்து, இலைமக்கு இட்டு, புளித்த மோர் கலந்த நீர் வார்ப்பித்தார். மறுபாதியில் உமது சாம்பல் தொடர்ந்தது. வெளுத்த இலை மீளாது, புதிதாகத் துளிர்ப்பதைப் பாரும் என்று அவள் முன்னமே சொல்லியிருந்தபடி, மோர் வார்த்த பாத்திகளில் பூவிடைத் தளிர்கள் பச்சையாகவே வந்தன. சாம்பல் பாத்திகளில் பூ சுருங்கிக் காய்ந்தது. இத்தனை காலம் பதிந்த சுவடுகளைப் பற்றி எயினனார் காவலரிடம் கேட்டு ஆராய்ந்ததில், காவலரின் காலும் உமது செருப்பும் அன்றி வேறொன்றும் அகப்படவில்லை.

அவர் அவையில் முடித்துக் கூறியது இது: ஆதிச்சியிடம் குற்றம் இல்லை; ஆனால் ஐயம் இல்லை என்று தாம் எவரைப் பற்றியும் சொல்வதில்லை. கோமகனாரும் அதே மனத்தில்தான் இருந்தார். பகைநாட்டாளின் கை மருந்தை முன்னர் வேறொருவர் உண்டு காட்டாமல் தந்தையாருக்குத் தருவதற்கில்லை என்றார். பெரிய உடையாரோ, படுக்கையில் இருந்தபடியே, அவ்வாறாயின் அதை உண்டு காட்ட வேண்டியவர் யார் என்பதைத் தாமே சொல்வதாகக் கூறி, வெகுநாளைக்குப் பின் சிரித்தார்.

ஆகவே கட்டளையாவது: இவ்வோலை கண்ட அக்கணமே நீரே சென்று சிறைத்தாழ் நீக்கி ஆதிச்சியை வெளிக்கொணர்க. சாம்பல் தூவுவது அக்கணமே ஒழிக. எஞ்சிய பூவை அவள் மனம்போலப் பறித்து இலேகியம் கிண்டட்டும். அடுப்பருகே காவலன் எவனும் நிற்க வேண்டா. கிண்டி இறக்கியதும், பெரிய உடையாருக்கு அனுப்புமுன், அதன் முதல் உருண்டையை நீர் உண்டு காட்டக் கடவீர். அதை உமக்கு ஆதிச்சி தன் கையால் தருவாள். அவள் உம்மைப் பொறுத்தாளா இல்லையா என்று நாம் விசாரிக்கவில்லை; வாயைத் திறக்கும்போது நீரே விசாரித்துக்கொள்க.

கோமகனார் கண்டு, மழுமுத்திரை இட்டு, கட்டவிழாமல் அனுப்பியது. இதற்கு மறுமொழி ஓலையாக வேண்டா, இலேகியமாக வருக.