தப்புச் சத்தத்துக்கு எழும்பியவர்

அரைநாள் வேலை முடிந்து கொழுந்துக் கூடையை இறக்கும்போது கீழே மைதானத்திலிருந்து புகை வாசனை வந்தது. தப்பு மேளத்தின் தோலை நெருப்பில் காட்டிச் சூடேற்றுகிறார்கள். இன்றைக்குத் தோட்டத்து மேல்பிரிவோடு கால்பந்து மேட்ச். நீங்கள் இல்லாமல் என்ன மேட்ச் வேண்டிக் கிடக்கிறது என்று கோபம் வந்தது. யாரிடம் கோபிப்பது? உங்களுக்கே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நம் மடுல்சீமை மலையில் உங்கள் உயரத்துக்கு ஆள் இல்லை. மழையில் ஊறிக் கனத்த பந்து எங்கிருந்து வந்தாலும் உங்கள் நெற்றி போய் நிற்கும். சில நாள் பந்து, சில நாள் எதிராளியின் மண்டை. விழுவீர்கள். தப்பு நின்றுவிடும். ஒரு வாளித் தண்ணீரைத் தலையில் ஊற்றுவார்கள். கண் திறந்ததும் தப்பு மறுபடி முழங்கும், நீங்களும் எழும்பி ஓடுவீர்கள்.

"இன்னிக்காவது உக்காந்துக்கங்களேன்" என்று கோட்டோரம் வந்து கெஞ்சுவேன்.

"தப்பு அடிக்கிறாங்கல்ல புள்ள, எப்படி உக்கார்றது?" என்பீர்கள்.

ராத்திரி தலைவலிக்குத் தைலம் தேய்ப்பேன். விடிந்தால் வேலைக்குப் போய்விடுவீர்கள். ரத்தம் வராத அடியை நம்மில் யாரும் அடியாகவே எண்ணவில்லை.

பந்தை விட்டு எத்தனையோ வருடம் கழித்துத்தான் அந்த மாற்றம் தொடங்கியது. லயத்து வரிசை வீடுகளில் எல்லா வாசலும் ஒரே மாதிரிதான், அதற்காகப் பிறந்து வளர்ந்த காம்பராவை மறப்பார்களா? பக்கத்துக் காம்பராவுக்குள் போய் உட்கார்ந்து சோறு கேட்டீர்கள். அதிர்ந்து பேசாத மனிதர், உப்புக் குறைந்தது என்று தட்டை எறிந்தீர்கள். பிறகு அதைப் பொறுக்கிக்கொண்டே அழுதீர்கள்.

"எனக்கு என்னமோ ஆவுது புள்ள. நான் இப்பிடி இல்லல்ல?"

"இல்லங்க. நீங்க இப்பிடி இல்ல."

நடை தள்ளாடியதைப் பார்த்து, கசிப்புச் சாராயம் என்று பேசினார்கள். ஒரு சொட்டுக் குடிக்காமல் குடிகாரப் பட்டம் வாங்கியவர் இந்த மலையிலேயே நீங்கள் ஒருவர்தான்.

பதுளையில் டாக்டர் பந்துக் கதையைக் கேட்டதும் பேனாவைக் கீழே வைத்தார். "ஒவ்வொண்ணும் சின்ன அடிதாம்மா. ஒண்ணு ஆறுறதுக்குள்ள அடுத்தது விழுந்திருக்கு, வருஷக்கணக்கா. மூளைய அதுதான் கெடுத்திருக்கும்னு நெனைக்கிறேன். உறுதியா சொல்ல முடியாது. கொஞ்சம் தணிக்கலாம், பழையபடி ஆக்க முடியாது" என்றார். திரும்பும்போது பசறை வரைக்கும் தூங்கினீர்கள். வளைவுகளில் உங்கள் தலை பஸ் ஜன்னலில் இடிக்காதபடி என் உள்ளங்கையை நடுவில் வைத்துக்கொண்டே வந்தேன். இருபது வருடம் முந்தி வைத்திருக்க வேண்டிய கை அது.

கடைசியில் என் பெயரும் உங்களுக்கு மறந்துபோனது. "புள்ள" மட்டும் மிஞ்சியது. அதுவே போதும் என்றுதான் இருந்தேன்.

உங்களை வாசலில் கிடத்தியிருந்தபோது தப்புக்காரர்கள் வந்தார்கள்.

"சாவு அடி வேணாம். மைதானத்துல அடிப்பீங்கல்ல, அத அடிங்க" என்றேன்.

எனக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்திருப்பார்கள். ஆனாலும் அடித்தார்கள். லயமே அதிர்ந்தது. நான் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு மட்டும் நீங்கள் எழும்பவில்லை.

இதோ, கீழே முழங்கிக்கொண்டிருந்த தப்பு சட்டென்று நின்றுவிட்டது. யார் பெற்ற பிள்ளையோ விழுந்துவிட்டான். வாசலுக்கு ஓடிப்போய், "உக்காந்துக்கப்பா, எழும்பாத" என்று கத்திவிட்டு வந்தேன். தப்பு மறுபடி முழங்குகிறது. அவனுக்கு எங்கே கேட்டிருக்கப்போகிறது.