கல்படியில் விழுந்த தட்டு

சாண்டா க்ரூஸ்
9 அக்டோபர் 1983

அன்பு மகள் மார்லீனுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம், அந்த மினசோட்டாக் குளிரில் காதை மூடிக்கொண்டுதான் வெளியே போகிறாயா என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

விஷயத்துக்கு வருகிறேன், ஜெயித்துவிட்டோம். போன வருஷம் இறுதி ஆட்டத்தில், பாட்டுக்கு ஏற்றபடி நீங்கள் வீசி நகநுனியில் சுழற்றி ஆடும் அந்தப் பறக்கும் தட்டு கடற்கரைக் கல்படியில் பட்டுப் பிளந்ததும், இனிமேல் தட்டையே தொடமாட்டேன் என்று நீ மினசோட்டாவுக்கு மூட்டை கட்டியதும் எனக்கு நெஞ்சில் முள்ளாகவே இருந்தது. இருபது வருஷமாக பிளாஸ்டிக் வாளி வார்க்கிறவனால் தன் மகளுக்கு உடையாத ஒரு தட்டு வார்க்க முடியாதா என்று ரோஷம். முதலாளியிடம் கேட்டு சனிக்கிழமைகளில் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்தேன். ரப்பர் கலந்து முதலில் ஒன்று வார்த்து அதன்மேல் லாரியை ஏற்றினேன், ஒன்றும் ஆகவில்லை. மார்தட்டிக்கொண்டு உன் ஆட்ட ஜோடி வெண்டலிடம் கொடுத்தால், நகத்தில் வைத்துச் சுழற்றிப் பார்த்துவிட்டு, "லாரி ஏத்த நல்லாருக்கு அங்கிள், ஆட லாயக்கில்ல. நகத்தைப் பிடிச்சு நின்னுடுது. வாளிக்காரர் விரலுக்கு அது எங்க தெரியப்போகுது?" என்றான். பயலுக்கு வாய் அதிகம், ஆனால் சொன்னது நிஜம். அன்றே நானும் உங்களைப்போல ஒட்டு நகம் வாங்கிப் பசை போட்டு ஒட்டிக்கொண்டேன். கழற்ற வராமல் அதோடேயே சர்ச்சுக்குப் போனேன், காணிக்கைக் கூடையை நீட்டியவர் என் விரல்களைப் பார்த்து நகராமல் நின்றுவிட்டார், அம்மா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. நகம் போட்ட பிறகுதான் புத்தி வந்தது, கலவையில் குற்றமில்லை, அச்சின் அடிப்புறம்தான் சொரசொரப்பு, அது தட்டின் அடியிலும் பதிந்து நகத்தைப் பிடிக்கிறது. வாளிக்கு இது போதும் என்று விட்டுப் பழகின கை. எட்டு சனிக்கிழமை அதைக் கண்ணாடியாகத் தேய்த்தேன்.

நேற்று போட்டி, எலும்பைக் குத்தும் கடல்காற்று. வெண்டலுக்கு இரவல் ஜோடி ஒருத்தி, பாதி ஆட்டத்தில் கை தவறவிட்டாள், தட்டு போய் அதே கல்படியில் மடேரென்று மோதியது. வெண்டல் ஓடி எடுத்தான், ஒரு கீறல்தான், அப்படியே வீசி நகத்தில் ஏந்தினான், பாட்டு முடியும்வரை சுற்றிக்கொண்டே இருந்தது மார்லீன்! தவறவிட்டதற்கு மதிப்பெண் குறைத்தும் முதல் பரிசு. நான் மணலில் குதித்ததில் இடுப்பு பிடித்துக்கொண்டது, போகட்டும்.

கோப்பையோடு வெண்டல் நேரே என்னிடம் வந்து, "அவ இடத்துல வேற ஆள் நிக்கலாம், ஆனா இடம் அவளுதுதான்னு எழுதுங்க அங்கிள்" என்றான். எழுதிவிட்டேன். கீறலோடு அந்தத் தட்டையே இத்துடன் அனுப்புகிறேன், சுவரில் மாட்டினால் எனக்குக் கெட்ட கோபம் வரும். தட்டு உடைந்துவிடும் என்று ஒரே ஒரு சாக்கு வைத்திருந்தாய், அது இனிமேல் உனக்குக் கிடையாது.

உன் கைக்கும் மனசுக்கும் கடவுள் ஒரு குறையும் வைக்கமாட்டார். ஒட்டு நகம் வாங்க மறக்காதே.

இப்படிக்கு,
கட்டைவிரல் நகம் இன்னும் கழலாத
உன் அப்பா கிளிஃபர்ட்