திரும்பி வருபவளின் பை

அக்கா, முதலில் என் கண்ணில் பட்டது பைதான். சந்தின் கோடிவரை போய்த் திரும்பியவள் அதை வலது தோளில் மாட்டியிருந்தாள்.

இன்று மத்தியானம் மர்பி டவுனில் உங்கள் வீட்டில், உங்கள் லேப்டாப்பில், நாம் செய்த கம்ப்யூட்டர் விளையாட்டை உங்கள் அம்மாவுக்குப் போட்டுக் காட்டினோம். நானும், உங்களோடு படித்த பிரவீண் அண்ணாவும் மட்டும்தான் போனோம். நாளை அதைக் கல்லூரியில் ஒப்படைக்க வேண்டும். அதில் நடப்பவள் உங்கள் சாயலில் இருப்பதால், அம்மா வேண்டாம் என்றால் அவளை எடுத்துவிட்டு வேறு ஏதாவது பொம்மையை நடக்கவிடலாம் என்று பிரவீண் அண்ணா சொல்லியிருந்தார். அம்மா என்ன சொல்வார்களோ என்று வழி முழுக்க யோசித்துக்கொண்டே போனேன். அவளை எடுத்துவிட்டால் நீங்கள் வேறு எங்கே நடப்பீர்கள்?

என்னை நீங்கள் கண்டுபிடித்தது பேனர் கடையில். ஒன்பதாவதோடு பள்ளியை விட்டுவிட்டு, அங்கே கம்ப்யூட்டரில் போட்டோக்களில் முகத்தைத் தனியாக வெட்டியெடுக்கும் வேலையில் இருந்தேன். கல்லூரி விழாவுக்கு பேனர் சொல்ல வந்த நீங்கள், வீணான ஃப்ளெக்ஸின் பின்பக்கத்தில் நான் வரைந்திருந்ததைப் பார்த்தீர்கள்.

"இது யார் வரைஞ்சது?"

கடைக்கார அண்ணன் என்னைக் காட்டினார். "அதோ, அந்த ஊமைதான்."

அதிகம் பேசாததால் கடையில் எனக்கு அந்தப் பெயர். நான் கம்ப்யூட்டருக்குப் பின்னால் குனிந்துகொண்டேன். நீங்கள் எட்டிப் பார்த்தீர்கள். "வாய் எதுக்கு, கை இருக்கே. நாங்க ஒரு கேம் பண்றோம், படம் போட வெளியாள் இருக்கலாமாம். வர்றீங்களா, ஆர்ட்டிஸ்ட் மேடம்?"

கடைசிவரை என்னை அப்படித்தான் கூப்பிட்டீர்கள்.

கதையை யோசித்தது நீங்கள். கரண்ட் போன ஒரு சந்து. கோடியிலிருந்து யாரோ ஒரு பெண்ணின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். அவள் டார்ச்சை எடுத்துக்கொண்டு போகிறாள். அங்கே யாரும் இல்லை. திரும்பி வந்து, அம்மா நிற்கும் வாசலைச் சேர்ந்துவிட்டால் ஜெயம். கேட்டபோது எனக்கு முதுகு சில்லென்றது. "பயந்துட்டல்ல? அதான் வேணும்" என்று கைதட்டினீர்கள்.

அவள் நடப்பதை வரைய, யாராவது நடந்து காட்ட வேண்டியிருந்தது. "நீயே நட, நான் வீடியோ எடுக்கறேன்" என்றீர்கள். நான் தரையைப் பார்த்தேன். என்னை யார் படம் எடுத்தாலும் என் கைகால்கள் எனக்குச் சொந்தமில்லாதவை போலாகிவிடும். நீங்கள் வற்புறுத்தவில்லை. "சரி, நான் நடக்கறேன், நீ எடு. குண்டா மட்டும் வரைஞ்சே, பாத்துக்கோ."

உங்கள் வீட்டுச் சந்தின் சுவரையொட்டி நடந்தீர்கள். இடது தோளில் பை. இடது செருப்பைத் தரையில் தேய்க்கும் அந்த நடை. பாதி வழியில் நின்று, நான் எடுக்கிறேனா என்று திரும்பிப் பார்த்தீர்கள். அதையும் வரைந்தேன். அதற்கும் நீங்கள் ஒரு புரோகிராம் எழுதினீர்கள்: யாரும் எதையும் அழுத்தாமல் இருந்தால், அவள் நின்று வெளியே நம்மைப் பார்ப்பாள். எவ்வளவு நேரம் கழித்து என்று கேட்டேன். "அவளுக்குத் தோணுறப்போ."

"சரி, திரும்பி வர்றது?"

எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. அஞ்சலி பேனரில் இறந்தவரின் முகம் வெளிப்பக்கம் பார்த்தால், எழுத்துகளைப் பார்க்கும்படி போட்டோவை இடவலமாகத் திருப்பிவிடுவோம். வகிடு மாறும், மச்சம் மாறும். "போனவங்க வந்து கேக்கவா போறாங்க?" என்பார் அண்ணன். அந்தப் பழக்கத்தில் சொன்னேன்: "ஒரு பக்கம் போதும்க்கா. அதையே திருப்பிப் போட்டுக்கலாம்."

"சோம்பேறி ஆர்ட்டிஸ்ட்" என்று சிரித்தீர்கள். திருப்பியதும் பை தோள் மாறிவிட்டதை அன்று யாரும் பார்க்கவில்லை. பையை இடது தோளில் மாட்டிக்கொண்டு நீங்கள்தான் பக்கத்திலேயே இருந்தீர்களே.

பிறகு உங்களுக்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போக ஆட்டோ வந்து நின்றபோது, "சீக்கிரம் வந்துடுவேன். அதுக்குள்ள வீட்டு வாசல வரைஞ்சு வை" என்றீர்கள். ஏறும் முன் ஒருமுறை திரும்பிப் பார்த்தீர்கள். நான் வாசலை வரைந்து வைத்தேன்.

உங்கள் அஞ்சலி பேனரை நான் செய்யவில்லை. கடைக்கார அண்ணனே செய்தார். தெருமுனையில் கட்டியிருந்தார்கள். வகிடு மறுபக்கம் போயிருந்தது. உங்களைப் போன்ற ஒருத்தி அங்கே எழுத்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மழையில் அது கிழியும்வரை நான் வேறு தெரு வழியாகத்தான் போனேன்.

இன்று திரை நன்றாகத் தெரியட்டும் என்று அம்மா ஜன்னலைச் சாத்தினார்கள். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார்கள். அவள் நடக்க ஆரம்பித்ததுமே சிரித்துவிட்டார்கள். "செருப்பத் தேய்க்காதடின்னு எத்தன வாட்டி சொல்லியிருப்பேன்!"

அந்த நேரம் பார்த்து பிரவீண் அண்ணாவின் போன் அடித்தது. கீபோர்டிலிருந்து கையை எடுத்தார். அவள் நின்றாள். திரும்பி அம்மாவைப் பார்த்தாள்.

"என்னடி?" என்றார்கள் அம்மா, மெதுவாக.

"அது ரேண்டம் ஆன்ட்டி. அப்பப்போ பாக்கும்" என்று போனை அணைத்தார். பிறகு என் பக்கம் குனிந்து, "வழக்கமா இவ்ளோ நேரம் பாக்காதே" என்றார்.

அவள் கோடிக்குப் போனாள். யாரும் இல்லை. திரும்பினாள். பை வலது தோளுக்குப் போயிருந்தது, தேய்வது வலது செருப்பாக இருந்தது. அம்மா கவனிக்கக்கூடாதே என்று நினைத்தேன். அவர்கள் கால்களை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார்கள்.

"போனது எம்பொண்ணு. வர்றது யாரு?"

அவள் நான் வரைந்த வாசலை நெருங்கிக்கொண்டிருந்தாள்.

"நிறுத்துப்பா! வூட்டுக்குள்ள வுட்டுடாத!"

பிரவீண் அண்ணா விரலை எடுத்தார். வாசற்படிக்கு வெளியே, டார்ச்சோடு, அவள் நின்றாள்.

"எடுத்துடறோம் ஆன்ட்டி."

அம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எடுக்காதீங்க. அவளா வந்தா வரட்டும். இவ வேணாம்."

திரும்பி வரும் நடையைப் புதிதாக வரைய வேண்டும். இந்தப் பக்கமிருந்து பார்த்தால் பை உடம்புக்குப் பின்னால் போய்விடும், ஓரம் மட்டும்தான் தெரியும். பார்த்து வரைய வீடியோவைத் தேடினோம். நீங்கள் போவதுதான் இருந்தது. வருவது யாருடைய போனிலும் இல்லை.

"யாராச்சும் நடக்கணும்" என்ற பிரவீண் அண்ணா என்னைப் பார்த்தார், உடனே பார்வையை மாற்றிக்கொண்டார். என்னைப் பற்றி அவருக்குத் தெரியும். "விடு, நானே நடக்கறேன்."

"நீ நடந்தா ஒட்டகம் வரும்" என்றார்கள் அம்மா. அழுதுகொண்டேதான் சொன்னார்கள்.

பிறகு எழுந்து, கதவுக்குப் பின்னாலிருந்து உங்கள் பையை எடுத்து வந்தார்கள். வார் நீளம் என்று நீங்கள் போட்ட முடிச்சு அப்படியே இருந்தது. அதை யாரிடமும் நீட்டாமல் மடியில் வைத்துக்கொண்டார்கள்.

நான் என் போனை பிரவீண் அண்ணாவிடம் கொடுத்தேன். அம்மாவை வாசலில் போய் நிற்கச் சொன்னேன். பையை வாங்கி இடது தோளில் மாட்டிக்கொண்டு சந்தின் கோடிவரை போனேன். அங்கே யாரும் இல்லை. திரும்பி, இடது செருப்பைத் தேய்த்தபடி, வாசலை நோக்கி நடந்தேன்.