நாற்காலி வேண்டாம் என்ற அம்மாவுக்கு

நின்றே பொழுதைக் கழித்த என் அம்மாவுக்கு,

நலமா என்று உன்னைக் கேட்க முடியாது. போன இடத்தில் வலி இல்லை என்று மட்டும் யாராவது எனக்கு உறுதியாகச் சொன்னால் போதும். இந்தக் கடிதத்தை நான் நின்றுகொண்டுதான் எழுதுகிறேன். சமையல் மேடையில் மிக்சி வந்த அட்டைப் பெட்டியைக் கவிழ்த்து, அதன் மேல் தாளை வைத்திருக்கிறேன். உன் மருமகன் இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

நீ போய் ஐந்து வருடம் ஆகிறது. உன் பேத்தி என் தோளைத் தாண்டி வளர்ந்துவிட்டாள். நாம் இருந்த எஸ்டேட் லைன் வீட்டில் இப்போது ஜார்க்கண்டிலிருந்து வந்த குடும்பம் இருக்கிறது. நான் அரவேணுவிலிருந்து குன்னூருக்கு அதே பஸ்ஸில்தான் போய் வருகிறேன். தேயிலை ஏலத்துக்குப் போகும் பட்டியல்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் அதே வேலைதான். நாள் முழுக்க உட்கார்ந்தபடி சம்பளம் வாங்குகிறேன் என்று எல்லோரிடமும் பீற்றிக்கொள்வாயே, அந்த வேலை.

இப்போது எனக்கு உட்கார முடியவில்லை அம்மா.

பத்து மாதமாகிறது. உட்கார்ந்து பத்து நிமிடம் ஆனால் வலது பிட்டத்துக்குள் ஆழத்தில் பல்வலி மாதிரி ஒன்று தொடங்கும். கொஞ்ச நேரத்தில் அது தொடையின் பின்பக்கமாக இறங்கும், கெண்டைக்காலைப் பிடிக்கும், சுண்டுவிரல் வரைக்கும் எரிந்துகொண்டே போகும். எழுந்து நாலு எட்டு நடந்தால் மெல்ல அடங்கிவிடும். அதுதான் இதில் பெரிய தொல்லை. நடந்தால் வலிக்காத ஒரு வலியை யாரிடம் போய்ச் சொல்வது?

பக்கத்து மேசை ரமணி நல்லவள்தான். அவளே ஒரு நாள் கேட்டாள். "ஏனுங்க்கா, பஸ் ஸ்டாண்டுல இருந்து மேடேறி வேகமா வர்றீங்க. சேர்ல உக்காந்தா மட்டும் வலிக்குமாங்க்கா?" நான் சிரித்து மழுப்பினேன். எங்கே வலிக்கிறது என்று கேட்பவர்களிடம் இடுப்பு என்றுதான் சொல்வேன். ஆம்பளைகள் ஒன்பது பேர் இருக்கும் ஆபீஸில் வேறு எந்த இடத்தைச் சொல்வது? ஆளுக்கொரு இடுப்புத் தைலம் கொண்டுவந்து கொடுத்தார்கள். மேசை இழுப்பறையில் ஐந்து பாட்டில் இருக்கிறது.

கோயம்புத்தூர் போய் ஸ்கேன் எடுத்தோம். முதுகெலும்பில் ஒரு குறையும் இல்லையாம். பிட்டத்துக்குள் இருக்கும் ஒரு சின்னத் தசை இறுகி, அதற்கடியில் ஓடுகிற நரம்பை நெருக்குகிறது என்றார் டாக்டர். குணமாக நாளாகும், முழுசாகப் போகும் என்று சொல்ல முடியாது, இருபது நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து உட்காரக் கூடாது என்றார். நரம்புக்கென்று கொடுத்த மாத்திரையில் வலி பாதி போகிறது, புத்தி முக்கால்வாசி போகிறது. போன வாரம் ஒரு தோட்டத்துப் பெயரை இன்னொரு தோட்டத்துச் சரக்குக்கு ஏற்றிவிட்டேன். மேனேஜர் கூப்பிட்டு, "முடியலைன்னா சொல்லுங்க, வேற ஆள் பாத்துக்கலாம்" என்று தன்மையாகத்தான் சொன்னார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

காலைப் பஸ்ஸில் சீட்டு காலியாக இருந்தாலும் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு வருகிறேன். வளைவுக்கு வளைவு கண்டக்டர் என்னைப் பார்க்கிறார். "ஏக்கா, சீட்டுதான் காலியாக் கெடக்குதுல்ல?" என்று கேட்டார் ஒரு நாள். "பரவாயில்லீங்க, நிக்கறனுங்க" என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் அது யார் குரல் என்று எனக்கு உறைத்தது.

நீ எங்கேயும் உட்கார மாட்டாய். தேயிலை பறிக்கிற காட்டில் மத்தியானச் சோற்றுக்கு மற்றப் பெண்கள் வட்டமாக உட்கார, நீ மட்டும் சில்வர் ஓக் மரத்தில் சாய்ந்து நின்றபடி தூக்குப்போசியைக் கையில் ஏந்திச் சாப்பிடுவாய். கல்யாண வீட்டில் நிற்பாய், எழவு வீட்டில் நிற்பாய். டிவியைக் கூட வாசல்நிலையில் சாய்ந்துதான் பார்ப்பாய். வீட்டில் ஒன்று நிற்பாய், இல்லையென்றால் ஒருக்களித்துப் படுத்திருப்பாய்.

ஒன்பதாவது படிக்கும்போது என் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் நடந்தது நினைவிருக்கிறதா? எல்லாருடைய அம்மா அப்பாவும் பெஞ்சில் உட்கார்ந்திருக்க, நீ கதவோரம் நின்றாய். டீச்சர் மூன்று முறை கூப்பிட்டும் வரவில்லை. என் பின்னால் இருந்த ஒருத்தி, "தொர முன்னாடி நின்னு நின்னு பழக்கம்டி, எஸ்டேட்டுக்காரங்க அப்பிடித்தான்" என்று கிசுகிசுத்தாள். நாலைந்து பேர் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. ஆனால் அவள் சொன்னதை நான் நம்பிவிட்டேன் அம்மா. காலையில் ஆள் எடுக்கும் பெரட்டில் துரை முன்னால் நீங்கள் எல்லோரும் வரிசையாக நிற்பதைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவள் நான். உன் உடம்பில் ஊறிப்போன பயம்தான் உன்னை உட்கார விடவில்லை என்று அன்றைக்கு முடிவு கட்டினேன்.

அதற்குப் பிறகு உன்னைத் திருத்துவது என் வேலையாகிவிட்டது. முதல் சம்பளத்தில் உனக்கென்று கைவைத்த நாற்காலி ஒன்று வாங்கினேன். நீ அதில் ஈரத்துணி காயப்போட்டாய். நான் கத்தினேன். மறுநாள் துணியை எடுத்துவிட்டு முறத்தை வைத்தாய். அப்போது எனக்கு வந்த கோபத்தை நினைத்தால் இப்போது சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வருகிறது.

என் நிச்சயதார்த்தத்துக்கு லைன் வீட்டில் இடம் போதாது என்று மேட்டுப்பாளையத்தில் மாப்பிள்ளை வீட்டிலேயே வைத்தோம். அப்பா இல்லாத வீடு, பெரியவர் என்று நீ ஒருத்திதான். கிளம்பும் முன் உன்னிடம் கறாராகச் சொன்னேன், அங்கே வந்து மூலையில் நிற்கக் கூடாது, சம்பந்தியம்மா பக்கத்தில் சரிசமமாக உட்கார வேண்டும் என்று. அப்போதுதான் நீ முதலும் கடைசியுமாக வாய் திறந்தாய்.

"அம்முணி, உக்காந்தா எனக்குக் குண்டியில இருந்து பாதம் வரைக்கும் நெருப்பா எரியுது. நான் ஒரு ஓரமா நின்னுக்கறேன், உடு."

"நேத்து முப்பது கிலோ எலையைத் தூக்கிக்கிட்டு மேடேறுனவளுக்குச் சேர்ல உக்கார வலிக்குமா? சாக்குச் சொல்லாதம்மா. அங்க வந்து கைகட்டி நின்னு என் மானத்த வாங்காத."

நீ முந்தானையைச் சரிசெய்துகொண்டு வேனில் ஏறினாய். அங்கே போய் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தாய். நடுவில் பார்த்தபோது உன் மேலுதட்டில் வேர்வை பொடித்திருந்தது. பெரிய இடத்துச் சம்பந்தம், கூச்சப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றைக்கு எடுத்த போட்டோதான் உன் முகம் தெளிவாக விழுந்த ஒரே படம். நீ போனதும் அதைத்தான் பெரிதாக்கி மாலை போட்டுக் கூடத்தில் மாட்டினோம். ஐந்து வருடமாகத் தினமும் அதன் கீழே விளக்கேற்றுகிறேன். அதை ஒழுங்காகப் பார்த்தது போன மாதம்தான்.

குன்னூரில் எனக்கு உடற்பயிற்சி சொல்லித்தரும் பெண், நான் எப்படி உட்காருகிறேன் என்று எனக்கே காட்டுவதற்காகப் போனில் ஒரு படம் எடுத்தாள். "பாருங்க்கா, வலது பக்கத்தைத் தூக்கிட்டு முழு பாரத்தையும் இடது பக்கம் போடறீங்க. கை வேற சேரை இறுக்கிப் புடிச்சிருக்குது." படத்தை எனக்கு அனுப்பியும் வைத்தாள். அன்று சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு நிமிர்ந்தபோது உன்னைப் பார்த்தேன். இடது பக்கம் சரிந்திருக்கிறாய். வலது இடுப்பு சோபாவை விட்டு எழும்பியிருக்கிறது. சேலை மறைப்பில் உன் விரல்கள் சோபாவின் விளிம்பை இறுக்கிப் பிடித்திருக்கின்றன. முகத்தில் மட்டும் சிரிப்பு.

செத்த பிறகும் உன்னை ஐந்து வருடம் சுவரில் உட்கார வைத்திருக்கிறேன். அப்போதே ஸ்டூலைப் போட்டு ஏறிப் படத்தைக் கழற்றினேன். "என்னாச்சு, எதுக்கு அம்மா படத்தை எடுக்கற?" என்று உன் மருமகன் ஓடிவந்தார். எனக்கு விளக்கிச் சொல்லத் தெரியவில்லை. படம் பீரோவுக்குள் இருக்கிறது. இப்போது வெறும் ஆணிக்குக் கீழே விளக்கு எரிகிறது. கோபித்துக்கொள்ளாதே.

உன்னிடம் யாராவது ஸ்கேன் எடுக்கச் சொன்னார்களா? எஸ்டேட் டிஸ்பென்சரியில் இருந்த கம்பவுண்டர் ஆம்பளை, அவரிடம் இந்த இடம் என்று நீ எப்படிக் காட்டியிருப்பாய்? எத்தனை வருடம் இதைச் சுமந்தாய்? நான் பிறக்கும் முன்பே இருந்ததா, பிறந்த பிறகு வந்ததா? கேட்பதற்கு இப்போது ஆள் இல்லை.

இனி, நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கடிதமே.

போன வியாழக்கிழமை கோயம்புத்தூரிலிருந்து முதலாளி வந்திருந்தார். எல்லோரையும் மேசையைச் சுற்றி உட்கார வைத்துப் பேசினார். நான் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டேன். அவர் பார்த்துவிட்டார். நான் லைன் வீட்டிலிருந்து படித்து வந்தவள் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். "ஏம்மா நிக்கறீங்க? அந்த எஸ்டேட் பழக்கமெல்லாம் இங்க வேண்டாம். நாம எல்லாரும் ஒண்ணுதான், உக்காருங்க" என்றார். உள்ளன்போடுதான் சொன்னார், அதில் சந்தேகமே இல்லை. "சார், எனக்கு உக்காந்தா..." என்று ஆரம்பித்தேன். ஒன்பது முகமும் என் பக்கம் திரும்பின. "இடுப்பு கொஞ்சம்..." என்று முடித்தேன். அவர் எழுந்து தன்னுடைய மெத்தை வைத்த நாற்காலியை எனக்காகத் தள்ளிவிட்டார். ரமணிக்குக் கண் கலங்கியே விட்டது, இப்படி ஒரு முதலாளியா என்று.

நான் உட்கார்ந்தேன் அம்மா. ஒரு மணி நேரம். நீ பிடித்த மாதிரியே விளிம்பைப் பிடித்துக்கொண்டு, நீ சிரித்த மாதிரியே சிரித்துக்கொண்டு. கூட்டம் முடிந்ததும் எழுந்தால் கால் மரத்துப்போய்த் தரையே தெரியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டே கழிவறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மறுநாள் மனதைத் திடப்படுத்திக்கொண்டு மேனேஜரிடம் போனேன். வலி எங்கே தொடங்கி எங்கே போகிறது என்று மறைக்காமல் சொன்னேன். நின்றபடி வேலை செய்ய ஓர் உயரமான மேசை போதும், வேலையில் ஒரு குறையும் வராது என்றேன். டாக்டர் சீட்டையும் வைத்தேன். அவர் சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நேத்து மீட்டிங்ல ஒரு மணி நேரம் நல்லாத்தானங்க உக்காந்திருந்தீங்க?"

டாக்டர் சீட்டை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டேன். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. காரணம், அந்தக் கேள்வி எனக்குப் புதிது இல்லை. நிச்சயதார்த்தம் முடிந்து மலையேறும்போது நீ வேன் சீட்டில் உட்காராமல், முழங்காலை ஊன்றிப் பின்பக்கம் திரும்பி, வாந்தி வர்ற மாதிரி இருக்குது என்று ஜன்னலில் தலையை வைத்திருந்தாய். நான் வெற்றி பெற்ற சந்தோஷத்தில் இருந்தேன். உன் முதுகைத் தட்டி, "பாத்தியா, மூணு மணி நேரம் உக்காந்த. என்ன ஆயிருச்சு இப்ப?" என்று கேட்டேன்.

நீ திரும்பாமலே சொன்னாய். "ஒண்ணும் ஆகல அம்முணி."

அம்மா, உனக்கு வலித்தது. நான் நம்புகிறேன். இது உனக்கு எந்த உதவியும் செய்யாது என்று தெரிந்தும் சொல்கிறேன்.

திங்கட்கிழமை மறுபடி அவரிடம் போகிறேன். வேலை நிலைக்குமா என்று தெரியவில்லை, பயமாக இருக்கிறது. ஆனால் இனி யார் எந்த நாற்காலியைக் கொடுத்தாலும் உட்கார மாட்டேன். எத்தனை முறை கேட்டாலும் அத்தனை முறையும் வலிக்கிறது என்றுதான் சொல்வேன். ஒண்ணும் ஆகல என்று மட்டும் சொல்ல மாட்டேன், இது உன்மேல் சத்தியம்.

உன்னை உட்கார வைத்த மகள்,
கோமதி