புளியரையில் கொடுத்த முகவரி

வல்லம், ஒரகடம்
10.8.2009

அன்புள்ள மாரிக்கு, அருள்பாண்டி எழுதுவது. நான் சுகம். புனலூரில் உன் அக்கா காந்திமதி மதினி வீட்டில் நீயும் நம்ம செல்வியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

போனில் என் குரலைக் கேட்டால் நம்பிவிடுவேன், அதனால் பேசவே மாட்டேன் என்று சொல்லிவிட்டு நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது. கான்ட்ராக்ட் கூலி என்பதை மறைத்து உன்னை இந்த ஊருக்குக் கூட்டி வந்தது என் தப்புதான். இப்போது அந்தக் குறை தீர்ந்தது. பெர்மனென்ட் ஆகிவிட்டேன். நீலச் சட்டை கொடுத்துவிட்டார்கள். இதோடு போட்டோ வைத்திருக்கிறேன், பார்.

கிளம்பி வாருங்கள். பன்றிக் காய்ச்சலுக்காகப் புளியரை செக்போஸ்டில் பஸ்ஸை நிறுத்திப் பார்க்கிறார்களாம். கேரளாவிலிருந்து வருகிறவர்கள் போகிற முகவரியை எழுதிக் கொடுத்துவிட்டு, ஏழு நாள் வீட்டோடு இருக்க வேண்டுமாம். நீ புனலூர் என்று சொல்லாதே. செங்கோட்டைக்காரி, ஆரியங்காவு கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்புகிறேன் என்று சொல்லிவிடு. பிள்ளைக்கு உடம்பு சுட்டால் முன்கூட்டியே காய்ச்சல் மாத்திரை பாதி கொடுத்துவிடு. இங்கே கம்பெனி கேட்டில் சூடு பார்க்கும்போது நாங்கள் எல்லோரும் அப்படித்தான் செய்கிறோம்.

உன் வரவை எதிர்பார்க்கும்
அருள்பாண்டி


புனலூர்
17.8.2009

செல்வியின் அப்பா அவர்களுக்கு, சந்தனமாரி எழுதுவது.

கடுதாசி கிடைத்தது. எழுத்து முத்து முத்தாக இருந்தது. பொய் சொல்லும்போதுதான் உங்களுக்குக் கையெழுத்து அவ்வளவு அழகாக வரும்.

போட்டோவில் சட்டையின் தோள் உங்கள் முழங்கையில் தொங்குகிறது. யார் சட்டை அது? எங்களோடு சேர்ந்து நீங்களும் ஏழு நாள் வீட்டில் இருக்க நேர்ந்தாலும், பெர்மனென்ட் ஆளுக்குச் சம்பளத்தோடு லீவு என்று அக்கா வீட்டுக்காரர் சொல்கிறார். அப்படியானால் நான் புனலூர் என்று சொல்வதில் உங்களுக்கு என்ன பயம்? ஆரியங்காவு ஐயப்பனையும் பொய்க்கு இழுக்கிறீர்களே, உங்களுக்கே நல்லாயிருக்கா?

செல்வி அந்தப் போட்டோவைத் தலையணைக்கடியில் வைத்துத் தூங்குகிறாள். கனவில் அப்பா முகமெல்லாம் நீலமாக வந்தாராம்.

சந்தனமாரி


வல்லம்
24.8.2009

மாரி,

சட்டை என் அறையில் இருக்கும் இசக்கியப்பனுடையது. என் சட்டை இன்னும் கான்ட்ராக்ட் ஆட்களின் சாம்பல் நிறம்தான். வீட்டுக்கு வெளிமாநிலத்து ஆள் வந்தால் நானும் ஏழு நாள் வேலைக்குப் போகக்கூடாது என்று கம்பெனியில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். பெர்மனென்ட் ஆளுக்கு அது லீவு. எனக்கு மூன்றாம் நாளே லைனில் வேறு ஆளை நிறுத்திவிடுவார்கள். இதுதான் பயம்.

இசக்கியப்பன் ஹாஸ்டலுக்குப் போகிறேன் என்கிறான். அறை உங்களுக்குத்தான். புளியரையில் உன் வாய்க்கு எது வருகிறதோ அதைச் சொல். வந்தால் போதும். வெட்கமாக இருக்கிறது மாரி, இதற்கு மேல் எழுத முடியவில்லை.

அருள்


புனலூர்
31.8.2009

செல்வி அப்பாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறோம். திங்கள் காலையில் தாம்பரத்தில் வந்து நில்லுங்கள். புளியரையில் புனலூர் என்றுதான் சொல்வேன். மாத்திரையும் கொடுக்க மாட்டேன்.

அந்த ஏழு நாளும் நானும் பிள்ளையும் அறையில், நீங்கள் மொட்டை மாடியில். சர்க்காருக்கு ஏழு நாள் எதற்கு வேண்டுமோ தெரியாது. எனக்கு நீங்கள் மெய் பேசுகிறீர்களா என்று பார்க்க வேண்டும். கம்பெனியில் நீங்கள் என்ன சொல்லிக்கொள்வீர்களோ, அது உங்கள் பாடு.

சந்தனமாரி


மொட்டை மாடி
9.9.2009, மூன்றாம் நாள்

மாரி, இதைச் சாப்பாட்டு வாளியில் போட்டுக் கயிற்றில் இறக்குகிறேன்.

திங்கள்கிழமை உங்களை அறையில் விட்டுவிட்டு இரண்டாம் ஷிப்டுக்குப் போனேன் அல்லவா? கேட்டிலேயே சூப்பர்வைசரிடம், புனலூரிலிருந்து என் சம்சாரமும் பிள்ளையும் வந்திருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டேன். அவர் என்னையே பார்த்தார். “நீ சொல்லாங்காட்டி எனக்கு இன்னாப்பா தெரியப் போவுது? இன்னாத்துக்கு வந்து சொல்ற?” என்றார். நான் வந்த வழியே திரும்பி மாடிக்கு வந்துவிட்டேன். இன்று என் இடத்தில் வேறு ஆள் நிற்கிறானாம். உன்னிடம் மூன்று நாளாகச் சொல்ல வாய் வரவில்லை.

ஆனாலும் மனசு லேசாக இருக்கிறது. காலையில் ஏரி மேலே பனி நிற்கிறது. வெள்ளை உறை போர்த்திய புதுக் கார்கள் லாரியின் மேல் சத்தமே இல்லாமல் மிதந்து போகின்றன. கீழே நீ தாளிக்கிற வாசனை வருகிறது. “மாடியப்பா, தூங்கிட்டீயளா?” என்று செல்வி கூப்பிடுகிறாள். விழித்திருக்கிறேனா இல்லையா என்று எனக்கே சந்தேகம் வந்துவிடுகிறது.

எழுத்து கோணிவிட்டது. பொறுத்துக்கொள்.

அருள்


கீழ் வீடு
11.9.2009, ஐந்தாம் நாள்

அத்தான்,

உங்கள் கடுதாசி கோழி கிளறின மாதிரி இருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்து முடிக்க அரை மணி ஆயிற்று. அப்புறம் இன்னொரு தடவையும் படித்தேன்.

வேலை போனால் போகட்டும். தண்டலம் பக்கம் சீட் கவர் தைக்கப் பெண்களை எடுக்கிறார்களாம். “உனக்குத் தையல் வருமாமே, நானே கூட்டிகினு போறேன்” என்று வீட்டுக்காரக் கன்னியம்மா அக்கா சொல்லியிருக்கிறார்கள். உங்களுக்கும் ஒன்று கிடைக்காமலா போகும்?

புளியரையில் நடந்ததை நான் இன்னும் சொல்லவில்லை. செல்விக்கு உடம்பு லேசாகச் சுட்டது. பந்தலில் இரண்டு மணி நேரம் உட்கார வைத்தார்கள். பஸ் போய்விட்டது. சூடு தானாகத் தணிந்த பிறகு நர்சம்மா தாளை எடுத்து, “எங்கம்மா போறீக?” என்று கேட்டார்கள். வல்லம் என்றேன். “அங்க யாரு வீடு?” என்றார்கள். அவர் வீடு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன் அத்தான். எங்க வீடு என்று வந்துவிட்டது. நர்சம்மா அப்படியே எழுதிக்கொண்டார்கள். நான் மாற்றச் சொல்லவில்லை.

சர்க்கார் கணக்கில் இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. என் கணக்கு முடிந்துவிட்டது. மேற்கே கறுத்துக்கொண்டு வருகிறது. போர்வை நனைவதற்குள் சுருட்டிக்கொண்டு இறங்கி வாருங்கள். கதவைத் தட்ட வேண்டாம், தாழ் போடவில்லை.

உங்கள் மாரி